ரோமின் சுரங்கக் கல்லறைகள்: படியிறங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

ரோமுக்குப் பயணம் போடுகிறவர்கள் கொலோசியத்துக்கும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் பல வாரங்களுக்கு முன்பாகவே நாளும் நேரமும் குறித்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். சுரங்கக் கல்லறைகளை (பண்டைக் கிறிஸ்தவர்கள் இறந்தோரை அடக்கம் செய்த நிலத்தடிக் குடைவுகள், ஆங்கிலத்தில் 'கேட்டகோம்ப்') மட்டும் 'நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்' என்று கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் கோணல் அதுதான். கீழே இறங்கினால் உங்களுக்குக் கிடைப்பது முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அவர் நடக்கிற வேகத்தில்தான் நீங்களும் நடக்க வேண்டும். நின்று யோசிக்கவும், திரும்பிப் போய்ப் பார்க்கவும் அங்கே வழியில்லை. எதைப் பார்க்கப் போகிறோம், எந்த நாளில் போகிறோம் என்பதையெல்லாம் மேலே இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

மூடிய கதவின் முன்னால் போய் நிற்பது

ரோமைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட சுரங்கக் கல்லறைகள் இருக்கின்றன. பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறந்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே. அவை எல்லாம் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லை. பலரும் போகும் நான்கில், சான் கலிஸ்தோவுக்குப் புதன்கிழமை விடுமுறை, தோமித்தில்லாவுக்குச் செவ்வாய், பிரிசில்லாவுக்குத் திங்கள், சான் செபஸ்தியானோவுக்கு ஞாயிறு. 'ரோமில் திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடல்' என்ற பொது விதியை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மதிய இடைவேளை அடுத்த பொறி. சான் கலிஸ்தோ, தோமித்தில்லா, பிரிசில்லா மூன்றும் காலை 9 முதல் 12 வரையும், பிற்பகல் 2 முதல் 5 வரையும் திறந்திருப்பது வழக்கம். பதினொன்றே முக்காலுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தால், உங்கள் மொழிக்கான கடைசிக் குழு இறங்கிப் போயிருக்கும். பிறகு இரண்டு மணிவரை வெயிலில் உட்கார வேண்டியதுதான். நண்பகலில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் இடைவேளை விடாத சான் செபஸ்தியானோதான் கைகொடுக்கும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஏமாற்றம் குளிர்காலத்தில் காத்திருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் ஒவ்வொரு கல்லறையும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடப்படும். எல்லாம் ஒரே நேரத்தில் மூடுவதில்லை, மாறிமாறித்தான் மூடுகின்றன. அந்த மாதங்களில் போகிறவர்கள் அந்தந்தக் கல்லறையின் சொந்த இணையதளத்தில் தேதியைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். கூகுள் வரைபடத்தில் 'திறந்திருக்கிறது' என்று வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்குச் சுமார் 10 யூரோ, வழிகாட்டியும் அதிலேயே அடக்கம். கொலோசியம் டிக்கெட்டில் இது சேராது. இடைத்தரகர்கள் பேருந்தோடு சேர்த்து விற்கும் தொகுப்புகளில் பல மடங்கு விலை வைப்பார்கள். முதியவர்கள் கூட வந்தால் வாகன வசதிக்காக அதை எடுப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எலும்புகளைத் தேடிப் போவது

மண்டையோடுகள் அடுக்கிய சுவர்களைப் படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்தப் படங்கள் பாரிஸ் நகரத்தவை. அங்கே இருப்பது பழைய கல் எடுத்த சுரங்கங்கள். நகரத்துக் கல்லறைத் தோட்டங்கள் நிரம்பி வழிந்ததால், 1786 முதல் எலும்புகளை அள்ளிக்கொண்டு வந்து அவற்றில் அடுக்கினார்கள். ரோமில் இருப்பவை புதைப்பதற்கென்றே தோண்டியவை. ரோமிலேயே எலும்பு அலங்காரம் பார்க்க வேண்டுமென்றால், வியா வெனெத்தோ தெருவில் உள்ள கப்புச்சின் துறவியர் ஆலயத்தின் நிலவறைக்குப் போகலாம். அதைச் சுரங்கக் கல்லறை என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு, ஆனால் அது சுரங்கக் கல்லறை அல்ல.

சான் கலிஸ்தோவிலோ தோமித்தில்லாவிலோ நீங்கள் பார்க்கப்போவது, இருபுறச் சுவரிலும் அடுக்கடுக்காக வெட்டிய நீள்மாடங்கள். ஒரு மாடத்தில் ஓர் உடலைத் துணியில் சுற்றி வைத்து, பளிங்குப் பலகையாலோ சுட்ட ஓட்டாலோ வாயை அடைத்துக் காரை பூசினார்கள். இன்று நீங்கள் நடக்கும் பகுதியில் அவை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் மறைசாட்சிகளின் (நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின்) எலும்பு முதலிய திருப்பண்டங்களை நகருக்குள் இருக்கும் ஆலயங்களுக்கு மாற்றினார்கள், அதற்கு முன்னும் பின்னும் கொள்ளையும் நடந்தது. அந்த வெறுமைதான் பலருக்கு ஏமாற்றமாகிறது. ஆனால் சற்று உற்றுப் பாருங்கள்: மாடங்களில் எத்தனையோ ஒரு முழம், இரண்டு முழ நீளமே உள்ளவை. அவை குழந்தைகளுக்கு வெட்டியவை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கேள்வி கட்டாயம் வரும்.

'ஏதாவது ஒன்று' என்று தேர்ந்தெடுப்பது

நான்கும் ஒன்று போலத்தான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை.

ஓவியங்களுக்காகப் போகிறவர் பிரிசில்லாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தையைத் தாங்கிய அன்னை மரியாவின் மிகப் பழைய படம் எனப் பலரும் கருதும் மூன்றாம் நூற்றாண்டு ஓவியம் அங்கேதான் இருக்கிறது. இது நகரின் வடக்கே சலாரியா சாலையில் இருப்பதால், தெற்கே அப்பியா என்ற பண்டைய ரோமச் சாலையின் பக்கம் இருக்கும் மற்ற மூன்றோடு ஒரே நடையில் சேர்க்க முடியாது. பலர் தவறவிடுவதும் இதனால்தான், கூட்டம் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

திருத்தந்தையரின் (போப்புகளின்) வரலாறு பார்க்க வேண்டுமென்றால் சான் கலிஸ்தோ. சுமார் இருபது கிலோமீட்டர் நடைவழிகள், நான்கு தளங்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பது திருத்தந்தையரை அடக்கம் செய்த அறையை 1854இல் தொல்லியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா தே ரோசி கண்டுபிடித்தார். பலகைகளில் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருக்கும், ரோமத் திருச்சபை அப்போது பேசிய மொழி அது. பக்கத்து அறையில் கிடக்கும் புனித செசிலியாவின் சிலை மூலமல்ல, நகல். ஸ்தெஃபானோ மதெர்னோ செதுக்கிய மூலம் ரோமின் திராஸ்தேவெரே பகுதியில் செசிலியாவின் பெயரிலுள்ள ஆலயத்தில் இருக்கிறது. கூட்டம் அதிகம் என்பது இங்கே குறை. பெரிய பேருந்துகளில் வரும் திருப்பயணிகள் காலை பத்து மணிக்குள் நிறைந்துவிடுவார்கள்.

கூட்டமில்லாமல் பார்க்க விரும்புகிறவருக்குத் தோமித்தில்லா. நான்காம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று பாதி மண்ணுக்குள் இருக்கும். அதன் வழியாகத்தான் இறங்குவீர்கள். சான் செபஸ்தியானோவின் சிறப்பு வேறு: கிறிஸ்தவமல்லாத ரோமானியர்களின் மூன்று சமாதி மாளிகைகள் மண் மூடிக் கிடந்ததால் முகப்பு கலையாமல் நிற்கின்றன. இயேசுவின் திருத்தூதர்களான பேதுருவையும் பவுலையும் வேண்டி யாத்திரிகர்கள் கீறிய நூற்றுக்கணக்கான எழுத்துகளும் அங்கே உண்டு.

ஒரே நாளில் மூன்றைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாவதிலேயே எல்லாச் சுவரும் ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடும். ஒன்று போதும். மிஞ்சிய நேரத்தை அப்பியா சாலைக்குக் கொடுங்கள்.

போகும் வழி

சான் செபஸ்தியானோ கோட்டை வாயிலிலிருந்து கல்லறைகள் வரை நடந்தே போகலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். வரைபடத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், சும்மா நடந்துவிடலாம் போலத் தெரியும். உண்மையில் அந்தத் துண்டு அப்பியா சாலையிலேயே மிக மோசமான பகுதி. இருபுறமும் உயர்ந்த மதில், நடைபாதை கிடையாது, கார்கள் உரசிக்கொண்டு போகும். 118ஆம் எண் பேருந்தில் போய் கல்லறை வாசலில் இறங்குவதே சரி. லாத்தரன் பேராலயப் பக்கமிருந்து 218 வருகிறது. பிரிசில்லாவுக்குத் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 92 அல்லது 310.

நடந்துதான் ஆகவேண்டும் என்றால், 'தோமினே குவோ வாதிஸ்' சிற்றாலயத்துக்கு எதிரே சாலை பிரியும் இடத்தில் சான் கலிஸ்தோ வளாகத்தின் வாயில் இருக்கிறது. அது திறந்திருந்தால் உள்ளே மரங்களுக்கிடையே வாகனமில்லாத பாதை ஒன்று நேராகக் கல்லறைக்குப் போகும். ஞாயிறன்று அப்பியா சாலையில் தனியார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால் நடைக்கு அது நல்ல நாள். சான் செபஸ்தியானோ அன்று மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கீழே

உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 15 டிகிரி, ஈரப்பதம் மிக அதிகம். ஜூலையில் வெளியே 35 டிகிரி வெயிலில் வியர்த்தபடி இறங்குகிறவர்களுக்குத்தான் குளிர் சட்டென்று பிடிக்கும். மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். இவை இன்றும் திருச்சபையின் புனித இடங்கள் என்பதால் தோளையும் முழங்காலையும் மூடிய உடையே பொருத்தம். தரை மேடு பள்ளமாகவும் சில இடங்களில் ஈரமாகவும் இருக்கும், செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள்.

நடைவழிகள் பல இடங்களில் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. மூடிய இடங்களில் மூச்சு முட்டுகிறவர்கள் முன்பே வழிகாட்டியிடம் சொல்லி அவருக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். வரிசையின் கடைசியில் நின்றால் முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டுமே தெரியும், பதற்றம் கூடும், விளக்கமும் காதில் விழாது. படிகள் செங்குத்தானவை. மூட்டுவலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்வது அவசியம்.

குழுவிலிருந்து பின்தங்குவது விளையாட்டல்ல. 1593இல் இந்தச் சுரங்கங்களை ஆராயத் தொடங்கிய அந்தோனியோ போசியோவே தோமித்தில்லாவில் வழி தவறித் திணறினார். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. குழு நகர்ந்ததும் பின்னால் விளக்கை அணைத்துவிடுவது வழக்கம். இதற்குக் காரணம் மின்சாரச் சிக்கனம் மட்டுமல்ல. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் சுவரில் பச்சைப் பாசி பிடித்து ஓவியத்தைத் தின்றுவிடும். தோமித்தில்லாவில் அப்படிக் கருமையும் படிவும் மூடியிருந்த கூரை ஓவியங்களை லேசர் கொண்டு துப்புரவு செய்து 2017இல்தான் வெளிக்காட்ட முடிந்தது. படம் எடுக்கத் தடை இருப்பதையும் இதே அக்கறையோடு பாருங்கள். சுவரைத் தொடுவது இன்னும் கெடுதல். இந்தப் பாறை எரிமலைச் சாம்பல் இறுகியது. கைப்பிடி மண்வெட்டியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருந்ததால்தான் கிலோமீட்டர் கணக்கில் தோண்ட முடிந்தது. அதே மென்மையால் கைகள் பட்டுப்பட்டுத் தேய்ந்து உதிரக்கூடும்.

இன்னொரு தவறு மனத்தில் நிகழ்வது: கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது என்று நம்பிக்கொண்டே இறங்குவது. நகர எல்லைக்குள் பிணம் புதைக்க ரோமச் சட்டம் அனுமதிக்கவில்லை, அதனால் எல்லாருமே வெளிச் சாலைகளின் ஓரத்தில் புதைத்தார்கள். இந்த இடங்கள் அரசுக்கு நன்றாகத் தெரியும். இங்கே அடக்கமும் நினைவு வழிபாடும் நடந்தன, குடியிருப்பு நடக்கவில்லை. ஆழத்தில் இருப்பதுதான் மிகப் பழையது என்பதும் சரியல்ல. இடம் தீரத்தீர மேலும் கீழே தோண்டிப் போனார்கள், ஆகவே பெரும்பாலும் மேல்தளமே மூத்தது.

தங்கள் ஆலயப் பங்கிலிருந்து குழுவாகப் போகிறவர்கள் உள்ளே திருப்பலி (பூசை) நிறைவேற்ற விரும்பினால், வாசலில் கேட்டால் கிடைக்காது. நாளும் நேரமும் எண்ணிக்கையும் சொல்லி முன்பே பதிவு செய்ய வேண்டும். திரும்பும்போது 118ஆம் எண் பேருந்து அடிக்கடி வருவதில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போங்கள்.