ஒருநாள் மலைநடைக்கு வழிகாட்டி நூல்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகான படங்களைப் பார்த்து மயங்கி வழிகாட்டி நூல் வாங்காதீர்கள். படம் ஆசையைக் கிளப்பும், வழி காட்டாது. வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு நடையைத் திறந்து, பாதை பிரியும் இடத்தை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்று படியுங்கள். "சிறிது தூரம் சென்று இடப்பக்கம் திரும்பவும்" என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். "ஓடையைக் கடந்து 200 மீட்டரில் பாதை பிரியும், மேலேறும் கிளையில் செல்லவும். கம்பி வேலி வந்துவிட்டால் திருப்பத்தைத் தவறவிட்டீர்கள் என்று பொருள்" என்று எழுதுபவரை நம்பலாம். வழி தவறினால் எப்படித் தெரியும் என்பதையும் அவர் யோசித்திருக்கிறார். நீங்கள் ஏற்கெனவே நடந்த பாதை அதில் இருந்தால் இன்னும் நல்லது, அதையே படித்துச் சரிபார்த்துவிடலாம்.

அடுத்த தவறு, தூரத்தை மட்டும் பார்ப்பது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். 12 கிலோமீட்டர் சமதளத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் கிட்டத்தட்ட மூன்றரை ஆகும், ஓய்வு நேரம் தனி. ஆகவே நூலில் மொத்த ஏற்றம் இருக்கிறதா பாருங்கள். சிகரத்தின் உயரம் அதற்கு ஈடாகாது. இறங்கி இறங்கி ஏறும் பாதையில் நீங்கள் ஏறும் மொத்த உயரம் அதைவிட மிக அதிகமாக இருக்கலாம்.

'எளிது', 'நடுத்தரம்' என்ற தரவரிசையை அப்படியே நம்ப வேண்டாம். அது எழுதியவரின் காலுக்கு எளிது, அவ்வளவுதான். எந்த அடிப்படையில் தரம் பிரித்தார்கள் என்று முன்பக்கங்களில் விளக்கம் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

அப்புறம், ஆண்டு. மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. போன ஆண்டு அச்சானது என்பதால் உள்ளே இருப்பது புதிது ஆகிவிடாது. இடையில் மண் சரிந்திருக்கலாம், பாலம் அடித்துப் போயிருக்கலாம்.

நூலில் உள்ள சிறு வரைபடமே போதும் என்று கிளம்புவதும் ஆபத்து. பாதையை விட்டு விலகிய பிறகு, பாதையை மட்டும் காட்டும் கோட்டுப்படத்தால் பயனில்லை. சம உயரக் கோடுகளுள்ள (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் 4 சென்டிமீட்டராக விரியும். அது கிடைத்தால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கனமான நூல் என்றால், அன்றைய நடைக்கான பக்கங்களை மட்டும் நகலெடுத்து வரைபடத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.