கறி சுடுவதற்கு முன் கரி நீறு பூக்கட்டும்

காணும் பொங்கலன்று மாலை எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 பேர் கூடியிருந்தார்கள். புதிதாக வாங்கிய கரி அடுப்பில் கோழி சுட்டுத் தருவதாக நான்தான் எல்லோரையும் அழைத்திருந்தேன். பிள்ளைகள் பசி பசி என்று நச்சரித்தார்கள். கரியில் தீ நாக்கு நீட்டி எழுந்ததும் அடுப்பு தயார் என்று முடிவு கட்டி, கோழித் தொடைகளை வரிசையாக அடுக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் தோல் கருகி, பார்வைக்கு உணவகத்துக் கோழி போலவே இருந்தது. முதல் துண்டை என் அத்தைக்கு வைத்தேன். அவர் பிட்டதும் எலும்பை ஒட்டிய சதை வழுவழுவென்று இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சிவந்த நீர் வழிந்து பக்கத்திலிருந்த சோற்றில் இறங்கியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. துண்டை இலையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, நனையாத சோற்றுக்கு ரசம் கேட்டார். விருந்துக்கு அழைத்தவனுக்கு அதைவிடத் தலைகுனிவு வேண்டியதில்லை.

கரி அடுப்பில் நடக்கும் பெரும்பாலான விபரீதங்களுக்கு வேர் இந்த அவசரம்தான். சுடுவது சுவாலை அல்ல, கங்கு. சுவாலை மேலே தொட்டு, புகைக்கரியைப் பூசிவிட்டுப் போய்விடும். உள்ளே சூடு இறங்காது. கரி முழுவதும் பிடித்து, சுவாலை அடங்கி, மேலே மெல்லிய வெண்சாம்பல் படர்ந்த பிறகுதான் கங்கிலிருந்து சீரான வெப்பம் வரும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம் முன்னோர் சொன்னது இந்த நிலையைத்தான். இதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். விருந்தினர் வருவதற்கு முன்பே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டுமே தவிர, அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு அல்ல.

சூட்டை அளக்கக் கை போதும். கம்பித் தட்டுக்கு நான்கைந்து அங்குலம் மேலே உள்ளங்கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் கடும் சூடு. ஐந்து வரை தாங்கினால் நடுத்தரம். கோழிக்கு அதுவே ஏற்றது. பத்து வரை தாங்கினால் கங்கு தணிந்துவிட்டது என்று பொருள்.

காத்திருக்கப் பொறுக்காதவர்கள் மண்ணெண்ணெயை எடுத்து ஊற்றுகிறார்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: செய்யாதீர்கள். பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். தீ அணைந்துவிட்டது போலத் தெரியும் கரியின் மேல் எண்ணெயை ஊற்றினால், அடியிலிருக்கும் சூட்டில் அது ஆவியாகிப் புகை போலக் கிளம்பும். அந்த ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும், ஊற்றிய கை வரைக்கும் தீ ஓடி வரும். என் தம்பிக்குப் புருவமும் முன்முடியும் கருகியதோடு தப்பித்தது. அவன் கையிலிருந்த பாட்டில் சற்று நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்கு அன்று சுட்ட மீன் முழுவதும் மண்ணெண்ணெய் வாடை.

அதற்குப் பதிலாக நம் வீடுகளிலேயே நல்ல எரிபொருள் இருக்கிறது. காய்ந்த தென்னம்பாளை, கொட்டாங்கச்சி, இரண்டு பக்கம் செய்தித்தாள், இவை போதும். இன்னும் எளிய வழி, இரு பக்கமும் திறந்த ஒரு பெரிய பால்மாவு டின். கீழ் விளிம்பைச் சுற்றி ஆணியால் துளைகள் போட்டு, அடியில் தாளைச் சுருட்டி வைத்து, மேலே கரியை நிரப்பிப் பற்ற வையுங்கள். சூடான காற்று மேலே ஏற, கீழே புதுக் காற்று புகுந்து தானாகவே விசிறிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் மேற்கரியிலும் நீறு தெரியும். பிறகு டின்னை நீண்ட இடுக்கியால் தூக்கிவிடலாம்.

எந்தக் கரி என்பதிலும் கவனம் தேவை. ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலக் கரி நன்றாக நின்று எரியும். இஸ்திரிக் கடைக்குக் கரி போடுபவர்களிடம் கேட்டாலும் கிடைக்கும். மூட்டையின் அடியில் தங்கும் தூளைக் கொட்டினால் காற்றோட்டம் அடைபட்டு அடுப்பு மூச்சுத் திணறும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கரி படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். ஒரு நாள் வெயிலில் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வீடு கட்டி மிஞ்சிய பிளைவுட், வண்ணம் பூசிய சட்டம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். அதிலிருக்கும் பசையும் பூச்சும் எரிந்து புகையாகி இறைச்சியில்தான் படியும். வெல்டிங் பட்டறையில் அடுப்பு செய்யச் சொல்லும்போதும், துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியைத் தட்டாக வைக்க விடாதீர்கள். அந்தப் பூச்சு சூட்டில் சிதையும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே உணவுக்கு ஏற்றது.

என் இரண்டாவது தவறு, கரியை அடுப்பு முழுவதும் சமமாகப் பரப்பியது. எங்கு வைத்தாலும் ஒரே சூடு என்றால், கருகத் தொடங்கும் துண்டுக்கு ஒதுங்க இடமே இல்லை. கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். கங்குப் பக்கத்தில் வைத்து நிறம் வாங்கிவிட்டு, வெறும் பக்கத்துக்கு நகர்த்தி மூடியைப் போட்டால் உள்ளே நிதானமாக வேகும். எலும்போடு கூடிய கோழிக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தோலிலிருந்து கொழுப்பு சொட்டி, குபீரென்று தீ எழுந்தாலும் இதே உபாயம்தான்: துண்டுகளை வெறும் பக்கத்துக்கு இழுங்கள். பதறிப்போய்ச் செம்புத் தண்ணீரை ஊற்றினால் நீராவியோடு சாம்பல் கிளம்பி அத்தனை துண்டுகளின் மேலும் திருநீறு பூசியது போல அப்பிக்கொள்ளும்.

மூடியின் அருமையை அறிய ஒரு சிறு வரலாறு உதவும். அமெரிக்காவின் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் வேலை செய்தார். திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் அவரைப் படாதபாடு படுத்தின. பட்டறையில் நீர்மிதவைகளுக்காகச் செய்த உலோகக் கோளங்களைப் பார்த்தவர், 1952-இல் அதை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்று போய்வர மூடியிலும் அடியிலும் துளைகள். இன்று உலகெங்கும் கொல்லைகளில் நிற்கும் குடுவை வடிவ அடுப்பு அதுதான். துளைதான் அதன் கடிவாளம். நன்றாகத் திறந்தால் சூடு ஏறும், சுருக்கினால் தணியும், முழுவதும் மூடினால் கங்கு அணையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவர் வீட்டில் சாப்பாடு நள்ளிரவில்தான் நடக்கும்.

நமக்கே உரிய தவறு மசாலாவில் இருக்கிறது. தயிரும் மிளகாய்த்தூளும் கெட்டியாக அப்பிய துண்டு, உள்ளே வேகும் முன்பே மேலே கருகிக் கசக்கும். ஊறியபின் கூடுதல் மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். தேன், சர்க்கரை சேர்ந்ததைக் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். ஆட்டுக்கறி மெத்தென்று ஆகட்டும் என்று ஒருமுறை பப்பாளிக்காயை அரைத்துத் தடவி இரவு முழுவதும் ஊற வைத்தேன். பப்பாளிப் பாலில் உள்ள நொதி புரதத்தை உடைத்துக்கொண்டே போகும் என்று அப்போது தெரியாது. காலையில் கறி களிம்பாகக் கிடந்தது. கம்பியில் கோத்தால் வழுகி, பாதிக்குமேல் கங்கிலேயே விழுந்தது. ஒரு கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி விழுது, ஒரு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம்.

மீன் கம்பியில் ஒட்டிப் பிய்ந்து போகிறது என்று பலர் வருந்துகிறார்கள். கம்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியால் பிடித்து அதன்மேல் தேய்த்திருக்க வேண்டும். மீனின் ஈரத்தை ஒற்றி எடுத்திருக்க வேண்டும். வைத்தபின் தொடாதீர்கள், வெந்த பக்கம் தானே விடும். சங்கரா போன்ற மீனானால் வாழையிலையில் சுற்றிவிடுவதே நிம்மதி.

பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே சுட்ட கோழியை எடுத்து வைப்பது பல வீடுகளில் கவனிக்காமல் நடக்கிறது. பச்சை இறைச்சியில் இருக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை வெந்த துண்டின்மேல் நாமே பூசுகிறோம். தட்டும் இடுக்கியும் தனித்தனியாக இருக்கட்டும். ஊறிய மசாலாவை மேலே தடவ விரும்பினால் முதலில் கொதிக்க வையுங்கள். வெந்ததா என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம். புகையில் சுட்ட கோழி வெந்த பிறகும் சிலசமயம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், வேகாதது வெளுத்தும் காட்டும். ஊசி வெப்பமானியைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் துணிந்து பரிமாறலாம். என் அத்தைக்குப் பரிமாறும் முன்பே நான் இதை வாங்கியிருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் சுடுபவர்கள் காற்றின் திசையைப் பாருங்கள். பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் புடவையில் ஓட்டை போடும். அந்த மன்னிப்பைக் கேட்க நான் ஒருமுறை படியேறிப் போயிருக்கிறேன். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் தள்ளியே அடுப்பை வையுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி சொல்வது சங்கடத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. மழை வந்துவிட்டது என்றோ குளிர்கிறது என்றோ எரியும் கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. சுவாலையும் புகையும் இல்லாத, நீறு பூத்த கங்கிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். தூங்குபவர்களுக்கு அந்த அறிகுறியும் தெரியாது. கொடைக்கானலில் 2024-இல் இரவு கரி அடுப்பில் சமைத்துவிட்டு, அதை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இருவர் காலையில் எழவே இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்ற நினைப்பும் வேண்டாம். அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும்.

எல்லோரும் உண்டு முடித்த பின்பும் அடுப்பு முடிவதில்லை. அன்று இரவு பத்து மணிக்குச் சாம்பலின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். விபூதி போல மெத்தென்று இருந்தது, சூடே இல்லை. பிளாஸ்டிக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் மனைவி எழுப்பிக் காட்டியபோது கூடையின் அடிப்பாகம் உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. பின்சுவரில் முழ உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. குச்சியால் கிளறினேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கங்கு அப்போதும் செக்கச்செவேலென்று விழித்துப் பார்த்தது. அரை அடி தள்ளித்தான் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது.

இப்போதெல்லாம் துளைகளை அடைத்து மூடியைப் போட்டு, இரண்டு நாள் அடுப்பைத் தொடுவதில்லை. உடனே காலி செய்தாக வேண்டுமென்றால் சாம்பலை இரும்பு வாளியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கிளறி, சேறாகும் வரை நனைக்கிறேன். மூடி அணைத்த கரியில் எரியாமல் மிஞ்சியதைப் பொறுக்கி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அது புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும். கொழுப்பு சொட்டாத சுத்தமான சாம்பலை வாழைக் கன்றுகளின் தூரில் தூவுகிறோம். கொழுப்பு கலந்ததை மண்ணில் புதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெரு நாய்கள் இரவெல்லாம் தோண்டும்.