பெயரைப் பார்க்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள்: அமெரிக்க அரசுப் பள்ளிகளின் ஜி.எஸ்.ஏ. சங்கங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் கடற்கரை கிடையாது. இருந்தும் அங்குள்ள ஒமாஹா நகரின் வெஸ்ட்சைட் உயர்நிலைப் பள்ளியில் 1980களில் ஆழ்நீர் முக்குளிப்புக்கென்று ஒரு மாணவர் சங்கம் இருந்தது. சதுரங்கத்துக்கும் ஒன்று இருந்தது. 1985 ஜனவரியில் ஒரு மாணவி, சேர்ந்து பைபிள் வாசிக்கவும் பிரார்த்திக்கவும் ஒரு சங்கம் வேண்டும் என்று கேட்டபோது பள்ளி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நீச்சல் பாடமாக இருக்கிறது, ஆனால் முக்குளிப்பு எந்த வகுப்பிலும் கற்பிக்கப்படவில்லை. ஆகவே முக்குளிப்புச் சங்கம் பாடத்திட்டத்துக்குப் புறம்பானது. அப்படி ஒரு சங்கத்துக்கு இடம் கொடுத்த பள்ளி, பேசப்படும் பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக இன்னொரு சங்கத்துக்குக் கதவை மூட முடியாது என்று 1990இல் நீதிபதிகளில் 8 பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள்.

மெர்ஜென்ஸ் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, 1984 ஆகஸ்ட்டில் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சம அணுகல் சட்டம். பைபிள் சங்கங்களுக்கு வழிவிட வேண்டும் என்று விரும்பியவர்கள் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் அதன் வாசகம் சமயத்தோடு நிற்கவில்லை; சமயம், அரசியல், தத்துவம் ஆகியவற்றோடு ‘பிற’ பேச்சுப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லின் நிழலில்தான் ஜி.எஸ்.ஏ. எனப்படும் கே-ஸ்ட்ரெயிட் அலையன்ஸ் சங்கங்கள், அதாவது தன்பாலீர்ப்பு மாணவர்களும் மற்ற மாணவர்களும் ஒன்றாகக் கூடும் சங்கங்கள், அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நிற்கின்றன. இந்த வரலாற்றை அறியாததால் விளையும் தவறுகளே மிகுதி. பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் சில வேளைகளில் மாணவர்களுமே சங்கத்தின் பெயரை வைத்து வாதிடுகிறார்கள். சட்டமோ பள்ளியின் மற்றச் சங்கங்களின் பட்டியலைத்தான் முதலில் கேட்கிறது.

நிர்வாகங்கள் முதலில் செய்யும் பிழை, அனுமதியையும் ஆதரவையும் ஒன்றாகக் கருதுவது. ‘இந்தச் சங்கத்தை அனுமதித்தால் பள்ளி இதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமே’ என்ற அச்சத்துக்கு மெர்ஜென்ஸ் தீர்ப்பிலேயே விடை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே விதியில் இடம் தரும் பள்ளி, அங்கே பேசப்படும் ஒவ்வொன்றையும் வழிமொழிவதாக ஆகாது என்பதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உண்டு என்றது நீதிமன்றம். ஒரு பொறுப்பாசிரியரைக் கண்காணிப்புக்காக அமர்த்துவதையும் சட்டம் ஆதரவாக எண்ணுவதில்லை.

அடுத்தது, ‘எங்களிடம் பாடத்தோடு தொடர்புள்ள சங்கங்கள் மட்டுமே இருக்கின்றன’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது. பிரெஞ்சு கற்பிக்கும் பள்ளியில் பிரெஞ்சுச் சங்கம் பாடத்தோடு தொடர்புடையதுதான். மாணவர் பேரவையும் பெரும்பாலும் அப்படியே. எதையும் எதனோடும் முடிச்சுப்போட இந்த வகைப்பாடு இடம் தராது. சதுரங்கம் சிந்தனையை வளர்க்கிறது, சிந்தனை கணிதத்துக்கு உதவுகிறது, எனவே சதுரங்கச் சங்கம் கணிதப் பாடத்தின் பகுதி என்ற தர்க்கத்தை ஏற்றால் உலகில் பாடத்துக்குப் புறம்பானது எதுவுமே மிஞ்சாது.

இந்த முடிச்சு அவிழ்ந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மினசோட்டா மாநிலத்தின் மேப்பிள் குரோவ் உயர்நிலைப் பள்ளியில் ‘சேஜ்’ என்ற பெயரில் இத்தகைய சங்கம் ஒன்று இயங்கியது. அதை யாரும் தடைசெய்யவில்லை. கூடிப்பேச இடமும் கிடைத்தது. ஆனால் பள்ளி தன் சங்கங்களை இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்திருந்தது. முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு, ஆண்டுமலரில் இடம், நிதி திரட்டும் அனுமதி, வெளியூர்ப் பயணம் எல்லாம் உண்டு. இரண்டாம் வரிசையில் இருந்த சேஜ் சங்கத்துக்குப் பொது அறிவிப்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டுவதைப் போன்ற சில சலுகைகளே இருந்தன. முதல் வரிசையில் சியர்லீடிங் குழுவும் இசைவு நீச்சல் குழுவும் உட்கார்ந்திருந்தன. அவை எந்த வகுப்பின் பாடம் என்ற எளிய கேள்விக்குப் பள்ளி மாவட்டத்தால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இலும் மறுபடி 2008இலும் மாணவர்களின் பக்கமே நின்றது. இந்த வழக்கை நான் மற்றவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் அறையைத் திறந்துவிட்டு ஒலிபெருக்கியை மட்டும் மறுப்பது, கதவைச் சாத்துவதைவிட எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். விருந்துக்கு அழைத்துவிட்டு ஒரு பந்திக்கு மட்டும் பாயசம் பரிமாறாமல் விடுவதற்கு ஒப்பானது அது.

எல்லாச் சங்கங்களையும் ஒரேயடியாக மூடிவிடுவது சட்டப்படி முடியாத காரியமன்று. பாடத்துக்குப் புறம்பான சங்கம் ஒன்றுகூட இல்லை என்றால் இந்தச் சட்டத்தின் கடமையே எழாது. ஆனால் ஒன்றுகூட என்றால் ஒன்றுகூடத்தான். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஜி.எஸ்.ஏ. கேட்டதைத் தொடர்ந்து, 1996 பிப்ரவரியில் கல்வி வாரியம் பாடத்துக்குப் புறம்பான எல்லாச் சங்கங்களையும் தடைசெய்தது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். சம்பந்தமே இல்லாத பிள்ளைகளின் சங்கங்களும் போயின. அதன் பிறகும் ஒரு கல்வியாண்டில் அத்தகைய சங்கம் ஒன்று கூடுவதற்கு இடம் தரப்பட்டது என்பதால் அந்த ஆண்டில் சட்டம் மீறப்பட்டதாக 1999இல் நீதிமன்றம் கண்டது. வரலாறு, சமூகவியல் போன்ற பாடங்களை ஒட்டி ‘பிரிசம்’ என்ற சங்கத்தை மாணவர்கள் கேட்டு, அதுவும் மறுக்கப்பட்டபோது, 2000 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வாரியம் தன் தடையை விலக்கிக்கொண்டது. நாலரை ஆண்டுகள் என்பது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை பள்ளியை முடித்துவிட்டுப் போய்விடும் காலம்.

கென்டக்கியின் பாய்ட் கவுண்டியில் 2002இல் நடந்தது இதைவிடக் கசப்பானது. சங்கத்துக்கு அனுமதி கிடைத்ததும் எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள்; ஒரு நாள் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வகுப்புக்கே வரவில்லை. பள்ளியில் அமைதி கெடுகிறது என்று காரணம் காட்டி எல்லாச் சங்கங்களையும் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் நாடகச் சங்கமும் பைபிள் சங்கமும் தொடர்ந்து கூடிவந்தன. 2003இல் கூட்டாட்சி நீதிபதி டேவிட் பன்னிங் சங்கத்தையும் அதைச் சுற்றி எழுந்த குழப்பத்தையும் பிரித்துப் பார்த்தார். கூச்சலிட்டது சங்கத்தினர் அல்லர், சங்கத்தை எதிர்த்தவர்கள். பிறர் செய்யும் குழப்பத்துக்காக அமைதியாக இருந்தவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அவர் வந்தடைந்த முடிவு. கல்விப் பணிக்குக் கணிசமான இடையூறு செய்யும் கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் பள்ளிக்கு விட்டுவைத்திருப்பது உண்மையே. இடையூறு எவருடைய கையிலிருந்து வருகிறது என்று கேட்காமல் அந்த அதிகாரத்தைக் கையில் எடுப்பதுதான் தவறு. இதே பன்னிங்தான் 2015இல் தன்பாலினத் திருமண உரிமம் வழங்க மறுத்த கென்டக்கி மாநிலக் கவுண்டி அலுவலர் ஒருவரை நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பியவரும்கூட.

சங்கத்துக்கு வேறு பெயர் வைக்கச் சொல்வது மென்மையான சமரசம்போலத் தோன்றும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் எல் மொடினா உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கல்வி வாரியம் அதைத்தான் கேட்டது: பெயரை மாற்றுங்கள், பாலியல் பற்றிப் பேச மாட்டோம் என்று நோக்க அறிக்கையில் எழுதித்தாருங்கள். மற்றச் சங்கங்கள் எதனிடமும் இப்படி நிபந்தனை போடப்படவில்லை என்பதே அந்தச் சமரசத்தைக் கவிழ்த்தது. 2000 பிப்ரவரியில் மாணவர்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு வந்தது.

தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேசுவதையும் உடலுறவைப் பற்றிப் பேசுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் தவறு இரு தரப்பிலும் இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். திருமணத்துக்கு முன் உறவு வேண்டாம் என்று போதிக்கும் கொள்கை எங்கள் பள்ளிகளில் உள்ளது, எனவே இந்தச் சங்கம் கூடாது என்று புளோரிடாவின் ஓக்கிசோபி கவுண்டி வாதிட்டது. சகிப்பையும் பாதுகாப்பையும் பற்றிப் பேசும் சங்கம் அந்தக் கொள்கையை மீறுவதாக 2008இல் நீதிமன்றம் ஏற்கவில்லை; மாணவர் நலனைக் காப்பது பள்ளியின் பொறுப்பு என்றால் அந்த மாணவர்களில் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் அடங்குவார்கள் என்றது. ஆனால் டெக்சஸின் லபக் நகர வழக்கில் 2004இல் பள்ளி மாவட்டமே வென்றது. அங்கே குழு தன் நோக்கங்களில் பாதுகாப்பான உடலுறவு பற்றிய விழிப்புணர்வைச் சேர்த்திருந்தது. அதன் இணையதளம் வழியே வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்துக்குச் செல்ல முடிந்தது. வழக்கு நெடுகிலும் அதுவே பேசப்பட்டது. அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை என்றாலும் அதிலிருந்து மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு: நோக்க அறிக்கையை நான்கு வரியில் தெளிவாக எழுதுங்கள், நீங்கள் முழுதும் படித்துப் பார்க்காத எந்த இணைய முகவரியையும் சுவரொட்டியில் போடாதீர்கள்.

மாணவர்களின் பிற பிழைகள் பெரும்பாலும் அவசரத்தில் விளைபவை. வெளி அமைப்பு ஒன்றின் ஆள் வாராவாரம் வந்து கூட்டத்தை நடத்தினால் சங்கம் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கும் அபாயம் உண்டு. பள்ளியைச் சாராதவர்கள் சங்கத்தை இயக்கவோ கட்டுப்படுத்தவோ தொடர்ந்து கலந்துகொள்ளவோ கூடாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எப்போதாவது ஒரு விருந்தினரை அழைப்பது வேறு. சங்கத்தைத் தொடங்குவதும் மாணவர்களாக இருக்க வேண்டும், ஆர்வமிக்க ஆசிரியராக இருக்கக்கூடாது.

எந்தப் பள்ளிக்கு இது பொருந்தும் என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. கூட்டாட்சி நிதி பெறும் அரசு மேல்நிலைக் கல்விக் கூடங்களுக்கே சட்டம் உரியது. தனியார் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது. ஜி.எஸ்.ஏ. என்ற பெயர் 1988இல் மாசசூசெட்ஸின் கான்கர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளியில் பிறந்தது என்பது இதில் ஒரு விநோதம். நடுநிலைப் பள்ளி என்றால் மாநிலச் சட்டம் மேல்நிலைக் கல்வியை எப்படி வரையறுக்கிறது என்று பார்க்க வேண்டும். புளோரிடாவின் கார்வர் நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளிக்கான மதிப்பெண் தரும் பாடங்களை நடத்திவந்ததால் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2016இல் பதினொன்றாவது வட்ட நீதிமன்றம் சொன்னது. மீறினால் பள்ளியின் நிதி நின்றுவிடும் என்று நம்புவோரும் உண்டு. அப்படி நிறுத்தும் அதிகாரத்தை இச்சட்டம் யாருக்கும் வழங்கவில்லை, பரிகாரம் நீதிமன்றத்தில்தான்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோரில் பலருடைய பிள்ளைகள் இப்பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்தில் சேர்ந்த பிள்ளையை ‘அப்படியானால் நீயும் அவர்களில் ஒருத்தியா?’ என்று கேட்பது முதல் தவறு. சங்கத்தின் பெயரிலேயே இரு தரப்பும் இருக்கிறார்கள். தோழிக்குத் துணையாகப் போகும் பிள்ளைகள் பலர். உறுப்பினர் பட்டியல் எவருடைய பாலீர்ப்புக்கும் சான்று ஆகாது, அதைப் பொறுப்பாசிரியர் அப்படி நடத்தவும் கூடாது. யூட்டா போன்ற சில மாநிலங்களில் சங்கத்தில் சேரப் பெற்றோர் கையொப்பம் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் படிவம் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவானதா என்பதையே கவனிக்க வேண்டும். டெக்சஸில் நிலைமை இப்போது வேறு: பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் அடிப்படையாகக் கொண்ட மாணவர் சங்கங்களைப் பள்ளி மாவட்டங்கள் அனுமதிக்கக்கூடாது என்று 2025இல் அம்மாநிலம் எஸ்.பி. 12 என்ற சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. அங்கே இருப்போர் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் வழக்கறிஞர் ஒருவரிடம் அன்றைய நிலையைக் கேட்டறிவதே சரி.

மற்ற மாநிலங்களில் விண்ணப்பிக்கும் மாணவர்கள் தாழ்வாரத்தில் முதல்வரை நிறுத்திக் கேட்டுவிட்டு, அவர் தலையசைத்ததையோ உதட்டைப் பிதுக்கியதையோ பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பள்ளிக் கையேட்டில் உள்ள அதே படிவத்தில், சதுரங்கச் சங்கத்தார் நிரப்பிய அதே கட்டங்களை நிரப்பி, தேதியிட்டுக் கொடுத்து, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு அந்தக் கல்வியாண்டில் பள்ளியில் இயங்கும் எல்லாச் சங்கங்களின் பெயர்களையும், ஒவ்வொன்றும் எந்தப் பாடத்தோடு தொடர்புடையது என்பதையும், அதற்கு ஒலிபெருக்கியும் ஆண்டுமலரும் கிடைக்கின்றனவா என்பதையும் ஒரு தாளில் எழுதி இணைத்துவிடலாம். மறுப்பு வந்தால் அதையும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.