இன்னும் முடியாத ஒரு விண்வெளி கேமுக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு

போன வாரம் தேவகோட்டையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு ஸ்பேஸ் கேம் ஆல்ஃபாவுல இருக்காம். இப்பவே காசு கட்டினா உள்ள விடுறாங்களாம். கட்டலாமா?"

ஆல்ஃபா என்றால் கேம் இன்னும் முடியாமல் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நானே ஒரு கேமுக்குக் காசு கட்டிவிட்டு ஆறு வருடமாகக் காத்திருக்கிறவன். (அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னக் குழு, அவர்கள் பாடு அவர்களுக்கு.) அவனிடம் அரைமணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் கேம் விளையாடத் தெரியும், ஆனால் பாதியில் நிற்கும் கேமுக்குள் போய்ப் பழக்கமில்லை என்பவர்களுக்காக.

படி 1: காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்றும் பால் காசு, பூக் காசு எல்லாம் அன்றன்றே நோட்டில் ஏறிவிடும். காசு கட்டி இரண்டு வருடமாகியும் கேம் வரவில்லை என்று ஒருநாள் நான் புலம்பியபோது ஆச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, அதை எதுல எழுதின? சாமான் வாங்கினதா, கடன் குடுத்ததா, மொய் வச்சதா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டும்போது மொய் வைப்பதுபோல உற்சாகமாகக் கட்டினேன். தாமதமானதும் சாமான் வாங்கியவனைப்போலச் சண்டை போட்டேன். நடுவில், பணம் சேரச் சேர எனக்கும் அதில் ஏதோ பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் பங்கு எதுவும் கிடையாது. கிக்ஸ்டார்ட்டர் மாதிரி, இனிமேல் செய்யப்போகும் பொருளுக்குப் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளங்களில் நீங்கள் போடும் பணத்துக்கு நிறுவனத்தில் உரிமை வராது. அது திரும்பி வரும் கடனும் இல்லை, கடையும் இல்லை. 2012 செப்டம்பரிலேயே கிக்ஸ்டார்ட்டர் "நாங்கள் கடை அல்ல" என்று பகிரங்கமாக எழுதியது. ஆக, மிஞ்சுவது ஆச்சி சொன்ன மூன்றாவது வகைதான். அதுகூட முழுசாகப் பொருந்தாது. மொய் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும், இது வராது.

அதனால் பணம் கட்டும் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பு ஒரு கேள்வி: இன்று இருக்கிற நிலையிலேயே இந்த கேம் நின்றுபோனால், இந்தக் காசுக்கு நான் வருத்தப்படுவேனா? ஆமாம் என்றால் கட்ட வேண்டாம். இல்லை என்றால் இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். கூடுதல் காசுக்குப் பெரிய கப்பல் தருகிறேன் என்பார்கள். அந்தக் கப்பல் இப்போது கேமுக்குள் பறக்கிறதா, வெறும் படமாக இருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குக் காசு கட்டிய ஆட்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

படி 2: பழைய கதையைப் படியுங்கள்

இந்த வகையில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது ஸ்டார் சிட்டிசன். 1990இல் விங் கமாண்டர் என்ற விண்வெளி கேமை உருவாக்கிய கிறிஸ் ராபர்ட்ஸ் 2012 அக்டோபரில் இதை அறிவித்தார். கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 5 லட்சம் டாலர், அங்கே மட்டும் வந்தது 21 லட்சத்துக்கு மேல். 2014 நவம்பரில் தருவதாக உத்தேசத் தேதி போட்டிருந்தார்கள். 2024இல் திரண்ட பணம் 70 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருடம் டிசம்பரில் வெளிவந்த பதிப்பின் பெயர் ஆல்ஃபா 4.0.

அதோடு எலீட் டேஞ்சரஸை வைத்துப் பாருங்கள். அதே 2012 நவம்பரில் பணம் கேட்டார்கள், 2014 டிசம்பரில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அதில் கோளில் இறங்க முடியாது, கப்பலைவிட்டு இறங்கி நடக்கவும் முடியாது. இறங்குவது 2015 டிசம்பரில் வந்தது, நடப்பது 2021 மே மாதம்தான் வந்தது. அவர்கள் வீட்டைக் கட்டிக் குடிபுகுந்துவிட்டு மாடி எழுப்பினார்கள். ஸ்டார் சிட்டிசனில் பணம் ஏற ஏற "இன்னும் இவ்வளவு வந்தால் இதையும் சேர்ப்போம்" என்று பட்டியல் நீண்டது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறார்கள்.

எஃப்டிஎல் என்று இன்னொன்று. இரண்டு பேர் தொடங்கிய கேம், கேட்டது வெறும் 10,000 டாலர். 2 லட்சம் கிடைத்தது. 2012 செப்டம்பரில், அதாவது பணம் கேட்ட அதே வருடத்தில், வெளியிட்டுவிட்டார்கள். பணம் கேட்கப் போகும்போதே அவர்களிடம் ஓடுகிற கேம் ஒன்று இருந்தது.

நீங்கள் பார்க்கிற கேமில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். பணம் கேட்ட அன்றைக்கு ஓடுகிற ஏதாவது கையில் இருந்ததா? அதற்குப் பிறகு வாக்குறுதிப் பட்டியல் சுருங்கியதா, நீண்டதா? டிரெய்லரின் அழகைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

படி 3: தரை ஏன் நழுவுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்தால் பாதி எரிச்சல் குறையும். எனக்குக் குறைந்தது.

இம்மாதிரி கேம்களில் புதிதாக நுழைபவர் சீக்கிரமே சந்திக்கும் அவமானம், கப்பலுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே தரை வழியாக விழுந்து விண்வெளியில் மிதப்பது. "ஒரு தரையைக்கூட ஒழுங்காப் போடத் தெரியலையா?" என்றுதான் கத்தத் தோன்றும்.

என் அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. நான் நடப்பேன், அது நகராது. கேமில் கப்பல் பறக்கிறது, அதோடு தரையும் பறக்கிறது, அதன்மேல் நீங்கள் நடக்கிறீர்கள். கப்பல் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று உங்கள் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். தூரத்தில் இருக்கும் சர்வர் இன்னொரு கணக்குப் போடும். இரண்டும் கொஞ்சம் முரண்பட்டால் உங்கள் கால் இருக்கும் இடத்தில் தரை இருக்காது. விழ வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் எண்களில் இருக்கிறது. பல கேம்கள் ஒரு பொருளின் இடத்தை 32 பிட் எண்ணில் எழுதிவைக்கும். அதில் ஏறத்தாழ 7 இலக்கம் வரைதான் துல்லியம் தங்கும். ஒரு தெரு, ஒரு ஊர் அளவுக்கு அது தாராளம். ஆனால் மையப்புள்ளியிலிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால், அந்த எண்ணால் ஒரு மீட்டருக்குக் குறைவான அசைவைச் சொல்லவே முடியாது. பூமியின் குறுக்களவே 12,700 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் கை, கப்பலின் கதவு எல்லாம் ஒரு மீட்டர் ஒரு மீட்டராகத் துள்ளினால் எப்படி இருக்கும்? அதனால் விண்வெளி கேம் செய்பவர்கள் 64 பிட்டுக்கு மாற வேண்டும், அல்லது மையப்புள்ளியை உங்களோடு கூடவே நகர்த்திக்கொண்டு வர வேண்டும். கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சினின் அடிவயிற்றில் கைவைக்கிற வேலை அது.

இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இரண்டு வருடத்தில் தருவதாகத் தேதி போட்டதுதான் தப்பு என்பது என் கட்சி.

படி 4: கம்ப்யூட்டர், ஒயர், கரண்ட்

ஆல்ஃபாவில் இருக்கும் கேம் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ப இழைத்து இழைத்துச் சரிசெய்யப்பட்டிருக்காது. அந்த வேலை கடைசியில்தான் நடக்கும். அதனால் குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பதை நம்பாமல் ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி ரேம் கேட்டால் 32. பழைய ஹார்டு டிஸ்க்கில் போடவே வேண்டாம், எஸ்எஸ்டி கட்டாயம். நூறு ஜிபி காலியிடம் வைத்துவிட்டு டவுன்லோடை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நெட் விஷயத்தில் நம் ஊர்ப்பக்கம் ஒரு தனிச் சிக்கல். ரூட்டரை முகப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். என் அறை வளவைத் தாண்டி உள்ளே. சுண்ணாம்பும் முட்டையும் குழைத்துப் பூசிய அந்தக் காலத்துச் சுவர்கள் வெயிலை உள்ளே விடாது, வைஃபையையும் விடாது. மூன்று மாதம் கேமைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆச்சியிடம் அனுமதி வாங்கி, ஆணி அடிக்காமல் நிலைக்கதவு ஓரமாக முப்பது மீட்டர் லேன் ஒயர் இழுத்தேன். என் புகார்களில் மூன்றில் ஒன்று அன்றைக்கே காணாமல் போனது. அது கேமின் தப்பே இல்லை.

சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் லேன் ஒயரும் ஓரளவுக்குத்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 8,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 80 மில்லிநொடி, அது வேறு எந்தத் தடங்கலும் இல்லாதபோது. அருகில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் தேர்ந்தெடுங்கள். கரண்ட் போனால் ரூட்டரும் சேர்ந்து அணையாமல் இருக்க ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.

படி 5: முதல் ராத்திரி

முதல்முறை நுழையும்போது எந்த இலக்கும் வைக்காதீர்கள். நான் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்து பணக்காரனாகிவிடலாம் என்று போனேன். கண் விழித்ததும் ஒரு படுக்கை. எழுந்திருக்க எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. பத்து நிமிடம். கதவைத் திறந்து லிஃப்டுக்குப் போனேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, லிஃப்ட் வரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் இல்லை, கேமின் பாத்திரம். மூன்றாவது தடவை கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. நான் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன்.

மறுபடி அதே படுக்கை.

அதனால் முதல் ராத்திரி இவ்வளவு செய்தால் போதும்: எழுந்திருப்பது, நடப்பது, கப்பலை வரவழைப்பது, மேலே கிளப்புவது, அதே இடத்தில் இறக்குவது. சரக்கு, சண்டை எல்லாம் அடுத்த வாரம். இன்னொன்று, பெரிய அப்டேட் வந்த அன்றைக்கு உள்ளே போகாதீர்கள். ஊரே கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்று, நான்கு நாள் பொறுங்கள்.

க்ராஷ் ஆனால் இந்த வரிசையில் பாருங்கள்: கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் புதிதா, லாஞ்சரில் (கேமைத் தொடங்கும் மென்பொருள்) கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறதா, பழைய பதிப்பின் ஷேடர் கோப்புகள் (திரையில் காட்சியை வரைய உதவுபவை) தங்கியிருக்கின்றனவா. அழித்து மறுபடி நிறுவுவது கடைசி வழி.

படி 6: புகாரை ஆச்சியின் நோட்டைப்போல எழுதுங்கள்

நான் முதலில் அனுப்பிய புகார் இது: "லிஃப்ட் வேலை செய்யவில்லை. எத்தனை வருடமாக இதே கதை? வெட்கமாக இல்லையா?" பதில் வரவில்லை. வரவும் வராது. அதைப் படிக்கிறவர் எந்த லிஃப்ட் என்று கண்டுபிடிப்பார்?

ஆச்சியின் நோட்டில் "செலவு அதிகம்" என்று எங்கேயும் இருக்காது. தேதி, யாருக்கு, எவ்வளவு, எதற்கு. அதே மாதிரி மாற்றி எழுதினேன். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் பதிப்பு எண். எந்த நிலையம், எந்த மாடி, இடப்பக்க லிஃப்டா வலப்பக்கமா. என்ன செய்தேன்: பொத்தானை ஒருமுறை அழுத்தி இருபது நொடி காத்திருந்தேன். என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. பத்துத் தடவையில் நான்கு தடவை இப்படி ஆகிறது. கூடவே பதினைந்து நொடி வீடியோ. கோபம் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு நாளில் வேறு நாலு பேர் "எனக்கும் இப்படித்தான்" என்று கீழே சேர்த்தார்கள். சோதனை கேம்களில் இது முக்கியம். பலருக்கும் திரும்பத் திரும்ப நடக்கிற கோளாறுதான் செய்பவர்கள் மேசைக்குப் போகும். புதிதாக எழுதும் முன் ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடி, இருந்தால் அதிலேயே சேருங்கள்.

படி 7: சேர்த்துவைக்காதீர்கள், நாள் குறியுங்கள்

கேமுக்குள் சம்பாதித்த பணமும் கப்பலும் ஒருநாள் துடைக்கப்படலாம். வைப் என்பார்கள். சோதனைக் கட்டத்தில் அது சகஜம், அறிவித்துவிட்டுத்தான் பெரும்பாலும் செய்வார்கள். நாற்பது மணி நேரம் உழைத்துச் சேர்த்ததை இழந்தபோது நான் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை, அது அநியாயம் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

காசு கட்டிய அன்றே பணம் திரும்பக் கேட்கக் கடைசி நாள் எது என்று விதிமுறையில் தேடி, காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த நாளுக்கு முன் குறைந்தது மூன்று ராத்திரி விளையாடியிருக்க வேண்டும். சும்மா வைத்திருந்து நாளைக் கடத்துகிறவர்கள்தான் பிறகு அதிகம் வருத்தப்படுகிறார்கள்.

அதைவிட நல்ல வழி, இலவசமாக உள்ளே விடும் நாட்களுக்குக் காத்திருப்பது. இப்படிப்பட்ட கேம்களில் பலவும் வருடத்தில் சில தடவை அப்படிக் கதவைத் திறக்கின்றன. அக்கா மகனிடம் அதைத்தான் சொன்னேன். அவன் பார்த்த கேமில் இந்தச் சனிக்கிழமையே இலவசமாம். உடனே இறக்கிப் போட்டுவிட்டான்.

ஞாயிறு காலையில் போன் வந்தது. "மாமா, லிஃப்ட் வரவே இல்ல."

"எந்த மாடி? இடப்பக்கமா, வலப்பக்கமா? எத்தனை தடவை அழுத்தின?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பேனா எடுக்கப் போயிருந்தான்.