செட்டிநாட்டு வீட்டை எப்படிப் பார்ப்பது?

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "அடேயப்பா, எவ்வளவு பெரிசு!" என்று சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். முதல் இரண்டு தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

உள்ளே போக அவசரப்படாதீர்கள். எதிர்ச்சாரியில் நின்று முகப்பை அண்ணாந்து பாருங்கள், கட்டிய காலம் ஓரளவு அங்கேயே தெரிந்துவிடும். ஓட்டுக்கூரை தாழ இறங்கி, திண்ணையும் மரத்தூணுமாக அடக்கமாக இருந்தால் பழைய பாணி. மாடி, வரிசையாக வளைவுகள், உச்சியில் சுதையில் செய்த கஜலட்சுமி, அவளுக்குக் கொஞ்சம் தள்ளி துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் என்று எல்லாம் கலந்துகட்டி நின்றால், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து கொழித்த காலத்து வீடு. பொம்மைகள் குறைந்து, நேர்க்கோடும் வளைந்த மூலையுமாகப் பழைய சினிமா தியேட்டர் மாதிரி இருந்தால் 1930, 40களின் ஆர்ட் டெகோ என்கிற மேல்நாட்டுக் கட்டடப் பாணி. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு அங்கிருந்து வந்த பணம் நின்றுபோனது, அதற்கப்புறம் இந்த அளவில் கட்டிய வீடு அபூர்வம். ஆனால் முகப்பை மட்டும் பின்னால் மாற்றிக் கட்டிய வீடுகளும் உண்டு, அதனால் அதை வைத்து மட்டும் வயசைச் சத்தியம் பண்ண வேண்டாம்.

சரி, இப்போது நிலைப்படியில் நின்று நேராகப் பாருங்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காவல் பார்க்கும் பெரியவர், "இருங்க தம்பி, பின்வாசலைத் திறந்துட்டு வாரேன்" என்று போனார். ஐந்து நிமிஷம் கழித்து, ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து நிலைகளுக்கு அந்தப் பக்கம், தபால்தலை அளவுக்கு அடுத்த தெருவின் வெயில் தெரிந்தது. கூடவே காற்றும் வந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் அந்த ஒரே கோட்டில்தான். முகப்பில் இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், வளவுக்குள் கால் வைத்தால் அது நம்மூர் நாலுகட்டு வீடுதான். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்காக அறைகள். ஓட்டுச்சரிவு உள்பக்கமாக இறங்குவதைக் கவனியுங்கள், மழைத்தண்ணீரை வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளத்தான்.

தூண்களில் பர்மாத் தேக்கு எது, கருங்கல் எது, இரும்பு எது என்று தட்டிப் பார்த்தாலே தெரியும். சுவரைப் புறங்கையால் தொடுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, முட்டை ஓடு மாதிரியே வழவழவென்று, உச்சிவெயிலிலும் சில்லென்று இருக்கும். மேலே பெயிண்ட் அடித்துக் கெடுத்திருந்தால் ஒன்றும் தெரியாது, நம் தலையெழுத்து.

தரைக்குச் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். கீழே பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடி என்கிற ஊரில் செய்யும் பதிகல். அது சூளையில் சுட்டதல்ல: கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியில் படிந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. குனிந்து பார்த்தால் பூவின் கோடு ஒரு கல்லில் மெலிந்தும் அடுத்ததில் தடித்தும் இருக்கும். கோடு அச்சடித்த மாதிரி சீராக, மேலே மெருகேற்றி, பெரும்பாலும் சுவரில் பதித்திருந்தால் அது ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்தது.

நிறைய வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும்தான் வருகிறார்கள். ஆத்தங்குடி பெரிய வீடு போன்ற சிலவற்றில் காசு வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். மற்ற இடங்களில் காவல்காரரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

நேரமிருந்தால் கடைசியாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போங்கள். இடித்த வீட்டுத் தூண், நிலை, ஓடு எல்லாம் அங்கே சுவரில் சாத்திக் கிடக்கும். வீட்டில் பார்க்க முடியாததை, அதாவது தூணின் அடிக்கட்டையையும் பதிகல்லின் முதுகையும், அங்கே புரட்டிப் பார்க்கலாம்.