50 சென்ட் குளத்தில் கெண்டை வளர்ப்பு: டெல்டா விவசாயிக்கு முதல் வருடச் செய்முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வயலோரமாகக் குட்டை வெட்டியவர்கள் பலர் முதல் வேலையாகக் குஞ்சு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது ஐந்தாவது வேலை. அதற்கு முன் மூன்று வாரத்துக்குக் குறையாமல் தரைக்கும் தண்ணீருக்கும் வேலை இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்த குளத்தில்தான் ஆயிரம் குஞ்சு விட்டு இருநூறு மீன் பிடிபடும்.

கீழே வரும் கணக்கெல்லாம் 50 சென்ட், அதாவது ஒன்றரை மா நீர்ப்பரப்புக்கு. உங்கள் குளத்தின் அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

1. குளமும் கரையும்

தண்ணீர் ஐந்திலிருந்து ஆறடி நிற்க வேண்டும். நான்கடிக்குக் கீழே போனால் கோடையில் சூடேறிவிடும். பத்தடி வெட்டினாலும் லாபமில்லை, அடியில் வெயில் இறங்காது. மண் தண்ணீரைப் பிடிக்குமா என்று பார்க்க, ஈரமண்ணைக் கிரிக்கெட் பந்தளவு உருட்டி மேலே எறிந்து பிடியுங்கள். உதிர்ந்தால் மணல் கூடுதல், நீர் கசியும்.

கரை, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேல் இரண்டடி இருக்கட்டும். உபரி நீர் போகும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவு மழையில் வருடம் முழுக்க வளர்த்த மீன் பக்கத்து வயலுக்குப் போன கதை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. கரைமேல் மூன்றடி உயரத்துக்குப் பழைய வலையைச் சுற்றிக் கட்டுவது அதிகச் செலவில்லாத காப்பு.

2. காயப்போடுதல்

வைகாசியில் தண்ணீரை வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடுங்கள். அடியில் தேங்கிய கெட்ட வாயு வெளியேறும். விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் ஒழியும். இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். விரால் குஞ்சைத் தின்னும். ஜிலேபி நீங்கள் போடும் தீவனத்தைத் தின்று, தன் குஞ்சால் குளத்தை நிரப்பும்.

வடிக்கவே முடியாத குளமென்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. முதலில் தண்ணீரை அரை மீட்டருக்கு இறக்குங்கள். அந்த மட்டத்தில் 250 கிலோ போதும். ஒன்றரை மீட்டர் தண்ணீரில் போட்டால் 750 கிலோ வேண்டும். முந்தின நாள் ஊறவைத்துக் கரைத்து, குளம் முழுக்கப் பரவலாக ஊற்றுங்கள். மிதந்து வரும் மீனைச் சாப்பிடலாம். நஞ்சு இறங்க மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே உரமாகிவிடும். அதற்குள் குஞ்சு விட்டால் ஒன்றும் தேறாது.

3. சுண்ணாம்பு

காய்ந்த தரையில் 50 கிலோ சுண்ணாம்பைச் சீராகத் தூவுங்கள். அதற்கு முன் மண்ணின் காரஅமிலத் தன்மையை (pH) சோதித்துவிடுங்கள். 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பே வேண்டாம். கடலோர நாகை மண்ணில் இது அடிக்கடி வரும்.

4. தண்ணீரைப் பச்சையாக்குதல்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். தள்ளிப்போகும் வருடமும் உண்டு. அதனால் கடைமடைக்காரர்கள் தேதியை நம்பாமல், வாய்க்காலில் தண்ணீரைக் கண்ட பிறகு குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள். தண்ணீர் விடும் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டாவிட்டால், காயவைத்து ஒழித்த விரால் முட்டையாக, குஞ்சாகத் திரும்ப வந்து சேரும். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த வாரத்தில் வடிகால் தண்ணீரைக் குளத்துக்குள் விடவே கூடாது.

சுண்ணாம்பு போட்டு ஒரு வாரம் கழித்து 400 கிலோ மாட்டுச் சாணம். குளம் முழுக்க வீச வேண்டாம், நான்கு மூலையிலும் குவித்தால் மெல்லக் கரையும். பிறகு மாதம் 200 கிலோ. சாணம் போட்ட பதினைந்தாம் நாள் 5 கிலோ சூப்பர் பாஸ்பேட், மூன்றரைக் கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளியுங்கள். சுண்ணாம்பையும் சூப்பரையும் ஒரே நாளில் போட்டால் மணிச்சத்து சுண்ணாம்போடு கட்டிக்கொள்ளும், பாசிக்குக் கிடைக்காது.

பச்சை போதுமா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. காலை பத்து மணி வாக்கில் கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை மட்டம் நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான அளவு. விரல் நகம்வரை தெளிவாகத் தெரிந்தால் உரம் போதாது. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே விரல் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, அந்த மாதம் சாணத்தையும் உரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

5. குஞ்சு விடுதல்

காற்றூட்டும் கருவி இல்லாத முதல் வருடத்துக்கு ஆயிரம் குஞ்சு போதும்: கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேயும். அதனால் ஒன்றின் சாப்பாட்டில் மற்றொன்று கைவைக்காது. கரையில் புல் மண்டியிருந்தால் புல்கெண்டை 50 சேர்க்கலாம். இரண்டாயிரம் விடலாமே என்று ஆசை காட்டுவார்கள். அந்த நெருக்கத்தைச் சமாளிக்கக் கருவியும் அனுபவமும் வேண்டும்.

குஞ்சு விரலளவு, குறைந்தது 7 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் நுண்குஞ்சு மலிவு, ஆனால் தவளைக்கும் பூச்சிக்கும்தான் தீனி. தஞ்சாவூர் கரந்தை மீன்விதைப் பண்ணை போன்ற அரசுப் பண்ணைகளில் முன்பதிவு செய்து வாங்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. வேறு பெயர் சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

பையைப் பிரித்து உடனே கொட்டாதீர்கள். இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேருங்கள். கடைசியில் பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும். காலை அல்லது மாலைதான் இதற்கு நேரம்.

6. தீவனம்

பாதி அரிசித் தவிடு, பாதி கடலைப் பிண்ணாக்கு. பிண்ணாக்கை இரவே ஊறவையுங்கள். யூரியா வந்த சாக்கைச் சுத்தமாகக் கழுவி, கீழ்ப்பகுதியில் பென்சில் நுழையும் ஓட்டைகளை வரிசையாகப் போட்டு, கலவையை நிரப்பி மூங்கிலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும், கரைந்து வீணாவது குறையும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம்.

எவ்வளவு என்பதைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு 25 மீனை எடை பாருங்கள். 5 கிலோ வந்தால் சராசரி 200 கிராம். பிழைத்தவை 900 என்று வைத்தால் குளத்தில் 180 கிலோ மீன். அதில் 3 சதவீதம், அதாவது நாளைக்கு சுமார் 5.4 கிலோ தீவனம். முதல் இரண்டு மாதம் 5 சதவீதம், கடைசி மாதங்களில் 2. காலையில் கட்டிய சாக்கில் மாலையிலும் மிச்சம் இருந்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். மிஞ்சியது அழுகி அடுத்த தொந்தரவுக்கும் வழி வைக்கும்.

7. விடியற்காலைத் திணறல்

மீன் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் நோயால் அல்ல, மூச்சு முட்டியதால். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் பாசியும் மீனும் அடியில் அழுகும் சாணமும் சேர்ந்து அதை உறிஞ்சும். ஆகவே விடியும் முன்தான் மிகக் குறைவு. மூன்று நாள் மப்பும் மழையுமாக இருந்தால் பகல் சேமிப்பும் இல்லை.

அந்த நாட்களில் அதிகாலை நான்கரை மணிக்கு டார்ச்சோடு கரைக்குப் போங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பலமாகக் கைதட்டுங்கள். சட்டென்று உள்ளே பாய்ந்தால் பயமில்லை. தட்டியும் அசையாமல் மிதந்தால் உடனே மோட்டாரைப் போடுங்கள்.

இங்கே ஒரு தவறு நடக்கும். போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. குழாயைக் குளத்துக்குள் ஆழ்த்தி ஓட்டினால் பயன் குறைவு. உயரத்தில் வைத்து ஒரு பலகைமேல் விழுந்து சிதறும்படி செய்யுங்கள். போர் இல்லாதவர்கள் குளத்து நீரையே இறைத்து அதே பலகைமேல் ஊற்றலாம். அன்றைக்குத் தீவனமும் சாணமும் கிடையாது.

8. நோய்

மீன் கரைக்கல்லில் உடம்பைத் தேய்த்தால் மீன் பேன் இருக்கும். பிடித்துப் பார்த்தால் செதில்மேல் தட்டையாக ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். மழை முடிந்து குளிர் இறங்கும்போது செம்புண் வரலாம். அதற்கு மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்து உண்டு. ஒரு ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு லிட்டர் என்பது அளவு. நம் குளத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, நிறையத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். பேனுக்கு மருந்து வாங்கும் முன் மீனோடு மீன்வளத் துறை அலுவலகம் போய்க் காட்டிவிடுவது நல்லது.

9. பிடிப்பும் விற்பனையும்

புரட்டாசியில் மீன் விலை படுக்கும், கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களால் வியாபாரம் மந்தம். பொங்கல் கழிந்த பிறகு இழுவலை போட்டு முக்கால் கிலோவுக்கு மேல் உள்ளதை மட்டும் எடுங்கள். இடம் கிடைப்பதால் மீதி வேகமாக வளரும். போர் இருந்தால் சித்திரைவரை ஓட்டலாம். ஒழுங்காகத் தீவனம் கொடுத்திருந்தால் இந்தக் குளத்தில் 600 முதல் 700 கிலோவை எதிர்பார்க்கலாம். முந்தின நாள் தீவனம் கிடையாது. வயிறு காலியான மீன்தான் உயிரோடு சந்தை சேரும்.

மானியம் பற்றி: 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதுக்குளம் வெட்டவும் இடுபொருளுக்கும் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று அறிவித்தார்கள். வெட்டுவதற்கு முன்பே மாவட்ட மீன்வளத் துறையில் விண்ணப்பியுங்கள். பணம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் வரும், எனவே அதை முதலாக எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

கடைசி வலை இழுத்த மறுநாளே மதகைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். அடியில் சேர்ந்த கருஞ்சேற்றை அள்ளித் தென்னை மரத்தடியில் போடலாம்.