தேதி ஒன்று, நாள் வேறு: 'வரலாற்றில் இன்று' எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் அதில் 'வரலாற்றில் இன்று' எழுதுவது சில ஆண்டுகளாக என் வேலை. ஓர் ஏப்ரல் 23 அன்று, "ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-இல் ஒரே நாளில் இறந்தார்கள்" என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நின்று படித்தார். "தேதி ஒன்றுதான் தம்பி. நாள் ஒன்றா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மதியம் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஷேக்ஸ்பியர் இங்கிலாந்துக்காரர், செர்வாண்டிஸ் ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர். ஸ்பெயின் 1582-லேயே போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் புது நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அக்டோபர் 4 வியாழக்கிழமை படுத்தவர்கள் வெள்ளிக்கிழமை எழுந்தபோது தேதி 15. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. ஆக, ஷேக்ஸ்பியர் கண் மூடியபோது ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்கம் செய்த தேதி என்றே இன்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக்கியதில் பிழை ஏதும் இல்லை, தேதி பொருந்துகிறது. 'ஒரே நாள்' என்று நான் எழுதியதுதான் பிழை.

இந்தக் குழியில் விழுந்தவர்கள் ஏராளம். 'கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, அது புதுக் கணக்கு. நியூட்டனின் 1642 கிறிஸ்துமஸ் பழைய கணக்கு. மாற்றிப் பார்த்தால் 1643 ஜனவரி 4. ரஷ்யா மாறியது 1918-இல்; அங்கே ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதற்கு இதுதான் காரணம். இரண்டு கணக்குக்கும் இடையிலான வித்தியாசமும் நிலையாக இல்லை. 1582-இல் 10 நாளாக இருந்தது 1700-க்குப் பிறகு 11 ஆகி, 20-ஆம் நூற்றாண்டில் 13 ஆகிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் மாற்றி எழுதவும் கூடாது. நான் கொஞ்ச நாள் அந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தேன். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட நாளை 1649 பிப்ரவரி 9 என்று பலகையில் எழுதினேன். புத்தகங்களில் எல்லாம் ஜனவரி 30 என்று இருக்கிறது. வந்தவர்கள் எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தார்கள். எந்தக் கணக்கு என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

அடுத்தது நம் வீட்டு விவகாரம். பாரதியார் மறைந்தது எப்போது? செப்டம்பர் 11 என்று சொல்லியே வளர்ந்தோம். அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்ததும் அந்தத் தேதியைத்தான். ஆனால் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி, ஒரு மணிக்கு மேல். இங்கிலீஷ் கடிகாரத்துக்கு அது 12. பஞ்சாங்கத்துக்கோ சூரியன் உதித்தால்தான் மறுநாள். "நேற்று ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்விட்டார்" என்று துக்க வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக் கணக்குத்தான். இதில் ஒரு கட்சி சரி, மறு கட்சி தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 'விவேகானந்தர் சிகாகோவில் பேசிய அதே செப்டம்பர் 11' என்று முடிச்சுப் போடுகிறவர்கள், எந்தக் கடிகாரத்தால் 11 என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நள்ளிரவைத் தாண்டும் சம்பவங்கள் எல்லாமே இப்படித்தான் காலை வாரும். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மூழ்கியது 15 அதிகாலை 2.20. லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு, இறந்தது 15 காலை. ஒன்றில் தொடக்கத்தையும் மற்றொன்றில் முடிவையும் எடுத்தால் பொருத்தம் கெட்டுவிடும்.

பசிபிக் கடலில் தாண்டினால் தேதியே மாறிவிடும் தேதிக்கோட்டின் விளையாட்டு இன்னும் மோசம். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது 1941 டிசம்பர் 7. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது டிசம்பர் 8. பட்டியலில் பார்த்தால் மலாயா மறுநாள். நிஜத்தில் கோத்தா பாருவில் துப்பாக்கி வெடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் ஹவாயில் குண்டு விழுந்தது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததும் அமெரிக்காவுக்கு 1969 ஜூலை 20 இரவு, நமக்கு 21 காலை 8.26.

ஒரு நிகழ்ச்சியின் எந்தக் கட்டத்தைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கச் சுதந்திரத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடனத்தை ஏற்றது 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. 'ஜூலை 4 அன்று கையெழுத்தானது' என்று இன்னமும் எழுதுகிறார்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகு வரும் தவறுதான் எனக்குச் சுவாரசியமானது: காரணம் இருக்கும் இடத்தில் தற்செயல் என்பது, தற்செயலான இடத்தில் மர்மம் தேடுவது. இந்தியாவும் கொரியாவும் ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாடுவதை 'என்ன பொருத்தம்!' என்பார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததால் கொரியாவுக்கு விடுதலை. அந்தச் சரணின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால்தான் 1947-இல் அந்தத் தேதியைப் பிடித்ததாக மவுண்ட்பேட்டனே பின்னால் சொன்னார். வேர் ஒன்று. குடியரசு நாளும் அப்படியே: அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-லேயே ஏற்கப்பட்டுவிட்டது, 1930-இன் பூரண சுயராஜ்ய நாளுக்காக நடைமுறையை ஜனவரி 26 வரை தள்ளி வைத்தார்கள்.

ஜெர்மனியின் நவம்பர் 9-இல் இரண்டும் கலந்து கிடக்கின்றன. 1923-இல் ஹிட்லரின் முனிக் கலகம் அன்று தோற்றது. 1938-இல் அதன் நினைவுக்கூட்டத்துக்கு நாஜித் தலைவர்கள் முனிக்கில் கூடியிருந்த இரவில்தான் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசி, யூதர்கள் மீதான வெறியாட்டம் கிளம்பியது. அது தற்செயல் என்று எழுதினால் பெரும் பிழை. 1989-இல் அதே தேதியில் பெர்லின் சுவர் திறந்ததோ, ஓர் அதிகாரி பத்திரிகையாளர் கூட்டத்தில் காகிதத்தைப் பார்த்துத் தடுமாறி "உடனே அமல்" என்ற பொருளில் சொல்லிவிட்டதால். ஒன்றிணைந்த ஜெர்மனி தன் தேசிய நாளாக அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டது. 1938-இன் நிழல் விழுந்த தேதியில் கொண்டாட முடியாதல்லவா.

மர்மம் தேடுகிறவர்களுக்கு இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு பதில் வைத்திருந்தார். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து, 1942 ஜனவரி 8 அன்று பிறந்தவர் அவர். அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இன்னும் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று தன் கணக்கையும் சேர்த்தே சொல்வார். இருக்கும் தேதிகளோ 366தான். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்த தேதி அமைய, பாதிக்கு மேல் வாய்ப்பு.

எங்கள் பலகையில் ஆண்டுதோறும் கூட்டம் நிற்பது டிசம்பர் 24 அன்று. பெரியார், எம்.ஜி.ஆர். இருவரும் மறைந்த தேதி. "இதில் ஏதோ இருக்கு சார்" என்று யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார். நான் இரண்டு பெயரையும் தனித்தனி வரியில் எழுதி, 1973, 1987 என்று ஆண்டையும் போட்டுவிடுகிறேன். 'ஒரே நாளில்' என்ற சொல்லை எழுதுவதில்லை.